கூலரில் தண்ணீர் இல்லாத மூன்று நாட்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்தது கிடையாது. தண்ணீர் லாரி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு குடங்களோடு நின்ற பெண்மணி சொன்னது. எங்கள் ஜால்னாவில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். மே மாதத்தில் அதுவும் இல்லை. லாரி வந்தால்தான் உண்டு. அன்றைக்கு லாரி இரண்டு மணி நேரம் தாமதம். எல்லோரும் நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் திட்டவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

அந்தப் பெண்மணி எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மந்தாகினி தோராட். வயது நாற்பத்தொன்று. ஊரில் உள்ள ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். நிரந்தர வேலை இல்லை, மணிக்கணக்கில் சம்பளம். ஒன்பது வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சி. கரிசல் மண்ணைப் பொடித்தால், துகளின் அளவுக்கேற்ப அதன் மின்காப்புத் தன்மை எப்படி மாறுகிறது என்பதுதான் அது. ஆய்வேட்டைக் கொடுத்த சான்று கையில் இருந்தால் ஜூன் மாத நேர்முகத்தில் நிரந்தர வேலைக்கு உட்காரலாம். மே முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே காலாவதி. இன்னொரு முறை நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுத்தில் சொல்லிவிட்டது.

[‘இதில் கதை எங்கே இருக்கிறது?’ என்று என் மனைவி கேட்டாள். பொறு என்றேன்.]

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ‘கரிசல் மண்ணுக்கு ஒரு ரகசியம் உண்டு.’ (மண்ணுக்கு என்ன ரகசியம்? நமக்குத் தெரியாததையெல்லாம் மண்ணின் தலையில் கட்டுகிற பழக்கம் இது. அடித்துவிட்டேன்.)

இரண்டு: ‘அன்று காலை மந்தாகினி சல்லடையைக் கையில் எடுத்தபோது, தன் ஒன்பது வருட வாழ்க்கை அதன் ஓட்டைகள் வழியே—’ (சே.)

மூன்றாவதாக, நேராக விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பொருளுக்குள் மின்சாரம் பாயாவிட்டாலும், மின்காந்த அலை உள்ளே நுழைந்தால் அது சும்மா இருப்பதில்லை. உள்ளே இருக்கிற மின்னூட்டங்கள் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கின்றன. எவ்வளவு நகர்ந்து கொடுக்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணுக்கு மின்காப்பு மாறிலி என்று பெயர். காற்றுக்கு அது ஒன்று. காய்ந்த கரிசல் தூளுக்கு இரண்டரை, மூன்று. தண்ணீருக்கு, மந்தாகினி பயன்படுத்தும் நுண்ணலையில், ஐம்பது அறுபது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள், எந்த நிலம் நனைந்திருக்கிறது, எந்த நிலம் காய்ந்து கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதெல்லாம் இந்த எண்ணை நம்பித்தான். எங்களைப் போல வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு, வானமும் எங்களைப் பார்க்கிறது என்பதில் ஓர் ஆறுதல்.

தூள் என்பது பாதி மண், பாதி காற்று. பெரிய துகள்கள் ஒரு விதமாக அடுக்கி உட்காரும், சிறியவை வேறு விதமாக. அதோடு, பொடிக்கப் பொடிக்க மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு கைப்பிடி கட்டியை மாவாக்கினால் அதன் மேற்பரப்பு ஒரு வயல் அளவுக்கு விரியும். அந்தப் பரப்பெல்லாம் காற்றில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாடிக்காரரை நான் எப்போதும் ‘அவர்’ என்றுதான் சொல்வேன். ஆனால் இனிமேல் கதைக்குள் போகிறோம், ‘அவள்’ என்று எழுதினால்தான் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறது. மாடியில் கேட்டால் மன்னிக்கட்டும்.

3

மந்தாகினி வேலை செய்கிற விதத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையை எழுதியே பிரயோஜனம் இல்லை.

கல்லூரியில் சல்லடை ஆட்டும் இயந்திரம் கிடையாது. ஐந்து சல்லடைகள் உண்டு, அவ்வளவுதான். கோடை விடுமுறையில்தான் ஆய்வகம் அவளுக்குக் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு, அடுப்பில் உலர்த்திய மண்ணை எடுத்து முதல் சல்லடையில் போட்டுக் கையால் ஆட்டுவாள். தங்கிய பெருந்துகளைப் பித்தளைக் குழாயில் அடைத்து, நுண்ணலையை அனுப்பி மாறிலியை அளப்பாள். பிறகு இரண்டாம் சல்லடை. பிறகு மூன்றாவது. கடைசிச் சல்லடையில் மாவு போலப் பொடிசாக இறங்குவதை அளக்கும்போது மணி ஒன்று, ஒன்றரை ஆகிவிடும்.

குழாயில் தூளை அடைப்பதும் ஒரு வித்தைதான். கொஞ்சம் அழுத்தினால் எண் ஏறும், தளர்வாக விட்டால் இறங்கும். அவள் ஒரு சின்ன மரக்கட்டையால் முப்பது முறை தட்டுவாள். முப்பத்தொன்று கிடையாது, இருபத்தொன்பது கிடையாது. நடுவில் யாராவது பேசிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அடைத்ததைத் தராசில் வைத்து எடையைக் குறிப்பாள். நேரம், எடை, எண் என்று நோட்டில் மூன்று பத்திகள். மூன்று கோடைகள் இப்படி. நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், ஒருவரும் பார்க்காத அறையில், ஒருவரும் கேட்காத ஒரு கேள்விக்காக ஒரு பெண் முப்பது வரை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. தோன்றியதைச் சொல்லிவிட்டேன்.

பலனும் கிடைத்தது. பெருந்துகளுக்கு 2.4. அப்படியே படிப்படியாக ஏறி, மிகப் பொடிசுக்கு 3.1. வரைபடம் மாடிப்படி மாதிரி அழகாக இருந்தது. பொடிக்கப் பொடிக்க மாறிலி கூடுகிறது. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே அதுதான். அதுதான் ஆய்வேடே என்றாலும் தப்பில்லை.

4

மே மாதம் பத்தாம் தேதி அந்த அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். போன வருடத்து நோட்டில் மூன்று எண்கள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றுமே மிகப் பொடிசான தூளுக்கானவை. 2.5, 2.6, 2.5. பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே ‘அடைப்பு சரியில்லை’ என்று இருந்தது. தட்டியதில் ஏதோ பிசகு என்று அப்போது தள்ளிவிட்டிருக்கிறாள்.

அதை ஆய்வேட்டில் ஒரு வரியாக எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் எடைப் பத்தியைப் பார்த்தாள். மற்ற நாட்களின் எடைக்கும் அந்த மூன்று நாட்களின் எடைக்கும் மயிரிழைதான் வித்தியாசம். அடைப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. எண் பிடிக்கவில்லை, அதனால் அடித்திருக்கிறாள்.

[இங்கே ‘அவள் நெஞ்சு திடுக்கென்றது’ என்று எழுதினேன். பிறகு அடுத்த லாரி வரிசையில் அவரையே கேட்டேன். ‘திடுக்குன்னெல்லாம் இல்ல. பாத்ரூம் போயிட்டு வந்தேன்’ என்றார். உண்மை பெரும்பாலும் இந்த மட்டத்தில்தான் இருக்கிறது.]

மூன்றும் அடுத்தடுத்த நாட்கள். மே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. மறுநாள் காலை கல்லூரிக்குப் போய், ஆய்வக உதவியாளர் சாந்தாராம் கில்லாரேயைப் பிடித்தாள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம்.

“சாந்தாராம் அண்ணா, போன வருஷம் மே பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. அந்த மூணு நாளும் லேப்ல என்ன நடந்துச்சு?”

“என்ன மேடம், போலீஸ் மாதிரி கேக்குறீங்க? நான் எதையும் ஒடைக்கல.”

“ஒடைச்சீங்கன்னு யாரு சொன்னா? ஞாபகம் இருக்கான்னுதான் கேக்குறேன்.”

“பன்னெண்டாந்தேதி என் மச்சான் மகன் கல்யாணம். எப்படி மறக்கும்? அரை நாள் லீவு கேட்டதுக்கு நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டது அதவிட நல்லா ஞாபகம் இருக்கு.”

“சரி, விடுங்க. வேற?”

“வேறென்ன, வீடு பூரா சொந்தக்காரங்க. குளிக்க, கழுவன்னு தண்ணியெல்லாம் காலி. ஒரு கேன்கூட இங்க கொண்டுவர முடியல. மூணு நாளும் கூலர வெறும் ஃபேனாத்தான் ஓட்டுனேன். ‘என்னண்ணா இப்படி அனல் காத்து அடிக்குது’ன்னு அதுக்கும் திட்டுனீங்க.”

மந்தாகினி திரும்பி ஜன்னலோரம் நின்ற கூலரைப் பார்த்தாள். தகரப் பெட்டி. மூன்று பக்கமும் ஈர வைக்கோல், உள்ளே மின்விசிறி. அது ஊதும் காற்று நேராக அவள் சல்லடை ஆட்டும் மேஜைக்கு வந்தது.

“அண்ணா, கூலர தினம் எத்தன மணிக்குப் போடுவீங்க?”

“பதினோரு மணிக்கு. அதுக்கு மேல நீங்க தாங்க மாட்டீங்கல்ல?”

பெருந்துகளை அளப்பது காலை எட்டு மணிக்கு. பொடிசை அளப்பது மதியம் ஒன்றரைக்கு. நடுவில் பதினோரு மணிக்கு ஈரக்காற்று. கல்லே வெடிக்கிற ஊர் என்பதால் மண்ணில் ஈரம் ஏறும் என்று யாரும் கனவுகூடக் காணவில்லை. ஊர் காய்ந்துதான் கிடந்தது, அறை காயவில்லை. கடைசியாக மேஜையில் பரப்பிக் கிடக்கும் அந்த மாவு, தன் பரப்பையெல்லாம் விரித்துவைத்து, தினமும் இரண்டரை மணி நேரம் ஈரத்தைக் குடித்திருக்கிறது. தண்ணீருக்கு ஐம்பது அறுபது. மாவில் நூற்றில் ஒரு பங்கு தண்ணீர் ஒட்டினாலும் போதும், 2.5 எங்கோ ஏறிப் போய்விடும்.

ஆக, அவள் மூன்று கோடைகளாக அளந்தது துகளின் அளவையா, கூலரையா?

5

இந்த இடத்தில் மந்தாகினியை நல்லவளாகவே வைத்திருக்க ஆசை. முடியவில்லை. அவள் சாந்தாராமிடம் கத்தினாள்.

“உங்கள யாரு கூலர் போடச் சொன்னா? நான் கேட்டேனா? என் ஒன்பது வருஷத்தையும் தண்ணில கரைச்சிட்டீங்களே!”

சாந்தாராம் கூலரின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி வைத்தார். பிறகு சொன்னார்: “சரி மேடம். இனிமே நீங்க மயக்கம் போட்டு விழுந்தாக்கூட போட மாட்டேன்.”

அவர் வெளியே போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கல்லூரித் தொட்டியில் என்றைக்குத் தண்ணீர் இருந்தது? கூலருக்கான தண்ணீரை மனிதர் தன் வீட்டிலிருந்து சைக்கிளில் இரண்டு கேன்களில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டிலிருந்து. மூன்று கோடைகளாக. ஒருவரிடமும் சொல்லாமல்.

[சாந்தாராமை ஒரு சிரிப்புப் பாத்திரமாகத்தான் முதல் வரைவில் வைத்திருந்தேன். இந்தக் கேன் விஷயம் தெரிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.]

அடுத்த நான்கு நாட்கள் மந்தாகினி கல்லூரிப் பக்கமே போகவில்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்து, கோதுமைக் கூழைப் பிழிந்து குர்டை வற்றல் போட்டாள். ஒரு வருடத்துக்குத் தேவையானதைப் போட்டு முடித்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள். வற்றல் காய்ந்த வேகத்தைப் பார்த்தால் ஈரம் என்பதே இந்த ஊரில் பொய் என்று தோன்றும். அவளுக்கும் தோன்றியிருக்கலாம்.

நான்காம் நாள்தான் அந்த லாரி வரிசை. என்னோடு வரிசையில் நின்று கதையைக் கேட்ட என் மனைவி, நடைமுறை தெரிந்தவள், பட்டென்று கேட்டாள்: “இப்படியே குடுத்துட்டா யாருக்குத் தெரியப் போகுது மந்தா?”

“நோட்டுல எடை எழுதி வெச்சிருக்கேனே அக்கா. அந்தப் பத்தி மட்டும் இல்லாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன்” என்று சொல்லி மந்தாகினி சிரித்தாள். அப்போது லாரி வந்துவிட்டது.

தன் இரண்டு குடங்களையும் நிரப்பிக்கொண்டு, அவள் மாடிக்குப் போகவில்லை. என் ஸ்கூட்டரைக் கேட்டாள். நான் ஓட்ட, அவள் குடங்களைப் பிடித்துக்கொள்ள, சாந்தாராம் வீட்டுக்குப் போனோம். மேடு பள்ளத்தில் பாதித் தண்ணீர் என் முதுகில். மனிதர் வாசலில் நின்று குடங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“இது எதுக்கு மேடம்? கூலருக்கு ஊத்தவா?”

“திட்டுறதுன்னா உள்ள கூப்பிட்டுத் திட்டுங்க அண்ணா. வெயில் மண்டையப் பொளக்குது.”

உள்ளே கூப்பிட்டார். பாக்ரி என்கிற சோள ரொட்டியும் மிளகாய்த் துவையலும் வந்தன. மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கியது. துவையல் காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

6

ஆய்வு வழிகாட்டி டாக்டர் தேவுல்காவ்கர், அதே கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவர். ஜூனில் ஓய்வு பெறுகிறார். இவரை வில்லனாக்கலாம் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். ‘வழிகாட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் தந்திரமான—’ என்று தொடங்கியும் விட்டேன். ஆனால் மந்தாகினி மறுநாள் அவர் வீட்டில் நடந்ததைச் சொன்னபோது, அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் போயிற்று.

“ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? யாராவது செத்துட்டாங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“நம்ம நாலாவது அத்தியாயம் சர்.”

நோட்டை வாங்கி எடைப் பத்தியை விரலால் தடவிக்கொண்டே படித்தார். பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அந்தக் கூலர் எந்த வருஷம் வாங்குனோம்?”

“நான் சேர்ந்த வருஷம் சர். நீங்கதான் வாங்குனீங்க.”

“அப்ப என்னோட மூணு கட்டுரையும் அதே காத்துலதான் காஞ்சிருக்கு.”

“ஆமா சர்.”

“ஆமாங்கிற! கொஞ்சம் தயங்கியாவது சொல்லக் கூடாதா?”

இருவரும் தேநீர் குடித்தார்கள். அவர் வழியையும் சொல்லிவிட்டார். அந்த மூன்று எண்களும் ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கின்றன. இப்படியே கட்டிக் கொடுத்தால் பட்டம், வேலை. தேர்வாளர்கள் கேட்க மாட்டார்கள். மறுபடி அளக்கப் போனால், இருப்பது பதினைந்து நாள். எண் விழுந்துவிட்டால் அத்தியாயமும் விழும், அதை நிமிர்த்த நேரம் இருக்காது.

“நீ என்ன நெனைக்கிற?”

“மொதல்ல எல்லாத்தையும் சலிச்சு, மூடி போட்ட ஜாடில வெச்சு, திரும்ப உலர்த்தி, பொடிச மொதல்ல அளக்கணும் சர். கூலர் இல்லாம.”

“அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க. என்கிட்ட எதுக்குக் கேக்குற?”

“லேப் சாவி உங்ககிட்டதான சர் இருக்கு.”

அவர் எழுந்து போய்ச் சாவியை எடுத்துவந்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நான் வரமாட்டேன். பக்கத்துல நின்னா எனக்கு எந்த நம்பர் வேணும்னு உனக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் உன் கை முப்பத்தொண்ணாவது தட்டு தட்டிடும்.”

நாற்பது வருடம் ஒரு துறையில் உழன்ற மனிதரால்தான் தன் ஆசையை இவ்வளவு துல்லியமாக அளக்க முடியும். இவரை வில்லனாக்கப் பார்த்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில், கூலர் இல்லாமலும் 3.1 வருகிறது. விளைவு உண்மைதான், அந்த மூன்று நாட்களில்தான் வேறெதோ கோளாறு. மந்தாகினி டாக்டர் ஆகிறாள். சாந்தாராம் பேடா வாங்கித் தெரு முழுக்க விநியோகிக்கிறார். என் மனைவிக்கு இதுதான் வேண்டும்.

இரண்டாம் முடிவில் 2.5. மாடிப்படி இடிந்து சமதரை ஆகிறது. பதிவு காலாவதி. ஜூன் நேர்முகத்தில் வேறு யாரோ உட்காருகிறார்கள். அவள் அடுத்த கோடையிலும் மணிக்கணக்குக்குப் பாடம் நடத்தி— (எழுத முடியவில்லை.)

மூன்றாவதில் 2.8. பாதி துகளின் வேலை, பாதி கூலரின் வேலை. இலக்கியவாதிகளுக்குப் பிடித்த முடிவு. எனக்கும் பிடித்தது, அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம்.

இங்கே என் பங்குக்கும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு விதைக் கம்பெனியில் முளைப்புச் சோதனை பார்த்தவன். நூறு விதை போட்டு, எத்தனை முளைத்தது என்று எண்ணி எழுதுவது என் வேலை. ஒருமுறை எண்பத்தொன்பது முளைத்தது. தொண்ணூறு இருந்தால்தான் மூட்டை வெளியே போகும். தொண்ணூறு என்று எழுதினேன். யாரும் சொல்லவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒரே ஒரு விதைதானே என்று எனக்கே தோன்றியது. பதினெட்டு வருடம் ஆகிறது. யாருக்கும் எந்த நஷ்டமும் வந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் அந்த ஒரு விதை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

8

இன்றைக்கு மே பதினெட்டு. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மணி பத்தேகால். மந்தாகினி காலை ஆறரைக்கே படியிறங்கிப் போனாள். வியர்வைத் துளி தூளில் விழுந்துவிடக் கூடாது என்று நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பார்ப்பதற்கு மல்யுத்தத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். வாசலில் சாந்தாராம் சைக்கிளோடு நின்றிருந்தார். “இன்னிக்கு லேப்ல ஒரு தம்ளர் தண்ணிகூட கெடயாது மேடம். தாகம்னா வெளிய வந்து குடிச்சிட்டுப் போங்க” என்று சொல்லிக்கொண்டே கூடப் போனார்.

ஜன்னல்களைச் சாத்தியிருப்பார்கள். கூலர் வராந்தாவில் கிடக்கும். ஜாடியைத் திறந்து, முப்பது தட்டுத் தட்டி, எடை போட்டு, முதல் எண்ணை இந்நேரம் பார்த்திருப்பாள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதை நோட்டில் எழுதியிருப்பாள்.

என் கையிலும் பேனா இருக்கிறது. இந்தக் கதையில் நான் எதை எழுதினாலும் அதுதான் எண். 3.1 என்று எழுதினால் ஒரு பெண்ணுக்கு வேலை கிடைக்கும், ஒரு முதியவரின் மூன்று கட்டுரைகள் பிழைக்கும், தெருவுக்கே பேடா கிடைக்கும். ஏன் அப்படி எழுதினாய் என்று யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு உள்ள சலுகை அது. ஆனால் அளக்காத எண்ணை இந்தப் பெண்ணின் கதைக்குள் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மிகப் பொடிசான தூள், கூலர் இல்லாமல், முதல் அளவு:

இந்த இடத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். இதில் என்ன இருந்தால் நன்றாக இருக்கும் என்று உங்களுக்கு இந்நேரம் ஒரு ஆசை வந்திருக்கும். எனக்கும் இருக்கிறது. அந்த ஆசையை வைத்துக்கொண்டு, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் எதையும் எழுதாமல் இருந்து பாருங்கள்.